கவிழ்ந்த இலைகள்

காலனிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஊர்த்தலைவர் மாசிலாமணி எழுப்பிய சுவரை ஏறிக் குதித்ததற்காக, அஞ்சலாட்சியின் வலது கையை அவருடைய ஆட்கள் அடித்து ஒடித்திருந்தார்கள். எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று தாசில்தாருக்குக் காட்ட, வைகாசிப் பௌர்ணமியன்று காலனியின் சின்ன விகாரையில் அவரே சாப்பாடு போட வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோற்று வாளியோடு முதலில் பிக்குணியின் முன்னால் குனிந்தார். பிக்குணி தன் பாத்திரத்தை மெல்லக் கவிழ்த்துத் தரையில் வைத்தார்.

“என்னம்மா, அதுக்குள்ள வயிறு நெறஞ்சிபோச்சா?” என்று சிரித்தார் மாசிலாமணி.

“இல்லீங்க, நல்ல பசி. அடிச்சவங்க கையால நாங்க வாங்கறதில்ல. புத்தர் காலத்துலேர்ந்து இதான் வழக்கம். செஞ்சதச் சரி பண்ணிட்டு வாங்க, நிமித்தி வெக்கிறேன்.”

அஞ்சலாட்சிக்கும் பசிதான். கட்டுப்போட்ட கையை மடியில் விட்டுவிட்டு, இடக்கையால் தன் வாழையிலையைப் புரட்டிக் கவிழ்த்தாள். பக்கத்து இலையும் கவிழ்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்தி முழுவதும் இலைகள் முதுகைக் காட்டின. ஒருவரும் எழுந்து போகவில்லை. கூடவே வந்து வாசலில் நின்றிருந்த தாசில்தார் மாசிலாமணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு ஆறிப்போனது. வாளியைக் கீழே வைத்துவிட்டு மாசிலாமணி வெளியே போனார். யாரையோ அதட்டிக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவர்ப் பக்கமிருந்து ‘ணங்’கென்று ஒரு கடப்பாரைச் சத்தம். பந்தியே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சுவர் நீளமானது. அஞ்சலாட்சி இலையைத் தொடவில்லை. இலைக்குத் தெளிக்கிற தண்ணீர்ச் செம்பை மட்டும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.