கைராசிக்காரர்

"சாயங்காலமானா கோழியோட தீனிப்பை கல்லு மாதிரி வீங்கிடுது டாக்டர். ஒரு மணி நேரம் நீவி விடுறேன். காலையில பார்த்தா வத்திப் போயிருக்கு. என் கைராசி அப்படி," என்று பெருமையாகச் சொன்னார் கணவர். "ஒரு மாசமா சீட்டாடக்கூடப் போகல."

கோழியைக் கூண்டில் விட அவர் கொல்லைப்பக்கம் போனதும், கால்நடை டாக்டர் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாக் கோழிக்கும் அப்படித்தாம்மா. பகல்ல தின்னது சாயங்காலம் பையில நிக்கும், ராத்திரி தானா இறங்கிடும். இதுக்கு நோயே இல்ல."

"அது எனக்கு முதல் நாளே தெரியும் டாக்டர். இருபது வருஷத்துல இப்பதான் இவர் விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வர்றாரு."

டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கொல்லையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"சார், சரியா ஆறு மணிக்கு நீவணும். ஒரு நாள்கூட விட்டுடாதீங்க."