ஆப்ரிகேட் தின்ற பூச்சி

மழையில் நனைந்த ஆங்கில அகராதியை யாரோ மொட்டைமாடிச் சுவரில் காயப் போட்டிருந்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு புத்தகப்பூச்சி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஓர் ஓணான் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"ஓய், 'ஆப்ரிகேட்'னு ஒரு வினைச்சொல் தெரியுமா? நேத்துதான் தின்னேன்" என்றது பூச்சி.

ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது பூச்சிக்குத் தெரியாது. கேட்க ஆள் கிடைத்த குஷியில் பக்கத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது.

"லேசுப்பட்ட சொல் இல்லை. பெரிய எழுத்தாளர்களே எப்பவாவதுதான் எடுப்பாங்க. வெயில்ல இதமா காயறதுன்னு அர்த்தம்."

"அட, காலையிலேருந்து அதைத்தானே செய்யறேன்!"

"நீ சும்மா படுத்திருக்கே. படிச்சவன் செஞ்சாத்தான் அது ஆப்ரிகேட்."

"அப்படிங்களா? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

பூச்சி அட்டையைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. மல்லாந்து படுத்து ஆறு காலையும் நீட்டியது.

"இப்ப நல்லா கவனி..."

ஓணான் நாக்கை ஒருமுறை நீட்டி மடக்கியது. அப்புறம் பழைய இடத்திலேயே கண்ணை மூடி, சும்மா படுத்துக்கொண்டது.