முப்பத்தைந்து

வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு இதய எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டோடு தமயந்தி வீடு திரும்பினாள். கன்னங்களில் சிவப்பாய்ப் படர்ந்திருந்த லூபஸ் நோய் இதயத்தையும் தொட்டுவிட்டது என்றிருந்தார் டாக்டர். துடிப்புக்கு அறுபது சதவீத ரத்தத்தைத் தள்ள வேண்டிய இதயம் முப்பத்தைந்துதான் தள்ளுகிறது, மாடிப்படி ஏறக்கூடாது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய மாமியார் ரிப்போர்ட்டைப் பிடுங்கிப் படித்தாள்.

“முப்பத்தஞ்சுன்னா பாஸ்தானேடி? கன்னம் ரெண்டும் தக்காளியாட்டம் இருக்கு, இவளுக்கு நோயாம்!”

சிவப்புப் பேனாவால் அந்த எண்ணை வட்டமிட்டு, பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தும் போட்டாள். பிறகு ஈரத்துணி வாளியை மருமகளின் காலடிக்குத் தள்ளினாள். கொடி கட்டியிருப்பது மூன்றாம் மாடியில்.

தமயந்தி வாளியைத் தொடவில்லை. ரிப்போர்ட்டை மாமியாரின் பக்கமே திருப்பி வைத்தாள்.

“தேதியும் போட்டுடுங்க அத்தை. நான் படியில விழுந்தா, இதை எப்போ படிச்சீங்கன்னு கேப்பாங்கல்ல?”