மாமியாரின் புருவம்

படுக்கையில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் லுட்டாயாவின் வருங்கால மாமியார்.

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

அழகுக்கலைப் பரீட்சைக்கென்று ஆசிரியை பிரிஸ்கா மேடம் சொல்லி வைத்திருந்த பெண் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. 'பயிற்சிக்காக நிரந்தரப் புருவம் இலவசம்' என்று வாசலில் வைத்திருந்த பலகையைப் பார்த்துவிட்டு இந்த அம்மாள்தான் படியேறி வந்தாள். மாணவர்களை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டத்தில் லுட்டாயா ஒருவன்தான் ஆண். "அந்தத் தம்பியே போடட்டும்" என்று கை காட்டிவிட்டுப் படுத்துவிட்டாள்.

அவன் கட்டிக்கொள்ளப்போகும் நக்காயிசாவின் போனில் எத்தனையோ முறை பார்த்த முகம். பென்சிலால் வரைந்த புருவம், ஒன்று மேலே, ஒன்று கீழே. கல்யாணமான புதிதில் நாகரிகம் என்று பிடுங்கிப் பிடுங்கி எடுத்தது, பிறகு முளைக்கவே இல்லையாம். விசேஷ வீடுகளில் அம்மாவுக்கு வியர்த்தால் புருவம் கன்னத்துக்கு வந்துவிடும் என்று மகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நல்லவேளை, அந்த அம்மாள் இவனைப் பார்த்ததே இல்லை. முகக்கவசம் வேறு இருந்தது.

அவர்கள் வழக்கத்தில் மாமியாரை மருமகன் தொடக்கூடாது. கை குலுக்கக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும். மீறித் தொட்டால் ஒபுக்கோ என்கிற நடுக்க நோய் பிடிக்கும். கை கால் நடுங்க ஆரம்பித்தால் சாகும்வரை நிற்காது. லுட்டாயா இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் ஊசி பிடித்துப் புருவம் பச்சை குத்திப் பிழைக்கப்போகிறவனுக்குக் கை நடுக்கம் என்ன விளையாட்டுக் காரியமா?

இன்னும் மருமகன் ஆகவில்லையே என்று மனசு ஒரு பக்கம் வாதாடியது. ஆகப்போகிறவன்தானே என்று இன்னொரு பக்கம் அதட்டியது.

முடியாது என்று எழுந்துவிடலாம். எழுந்தால் சான்றிதழ் இல்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை பெண் வீட்டில் க்வாஞ்சுலா நிச்சயம். அன்றோடு அவன் அந்த வீட்டு மருமகன். பந்தலில் உறவு சனம் அத்தனை பேர் முன்னாலும் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்பார்கள். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் பந்தலே சிரிக்கும்.

லுட்டாயா ஒரு வழி கண்டுபிடித்தான். கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டான். தோலோடு தோல் பட்டால்தானே தொடுவது?

"புருவம் போடப் போறியா, பாத்திரம் தேய்க்கப் போறியா?" என்றாள் பிரிஸ்கா மேடம்.

மற்ற பெண்கள் சிரித்தார்கள். படுத்திருந்தவளின் உதடும் லேசாகக் கோணியது. மேல் கையுறை குப்பைக்குப் போயிற்று.

மை தோய்த்த நூலை நெற்றியில் இழுத்துப் பிடித்து அளவுக்கோடு போட்டான். இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி போட்டான்.

"அடுத்த வாரம் என் பொண்ணைக் கேட்டு வர்றாங்க மேடம்" என்றாள் அந்த அம்மாள், கண்ணைத் திறக்காமலே. "பையன் எப்படியோ! அவ நல்லவன்னுதான் சொல்றா. நாம கண்ணால பாத்தாத்தானே?"

நூல் கையிலிருந்து நழுவி அவள் மூக்கின்மேல் விழுந்தது.

மரத்துப்போகும் களிம்பைப் பூசிவிட்டுக் காத்திருந்த நேரமெல்லாம் அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுங்கத்தான் செய்தது.

நிறக் குப்பிகள் முன்னால் வந்ததும் புத்தி கொஞ்சம் தெளிந்தது. வெறும் கறுப்பை இறக்கினால் இந்தத் தோலில் நாளாக ஆக நீலம் பாரித்துவிடும். செம்பழுப்பை எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் கலந்தான்.

இடது கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்தான். மாமியாரின் தோல். இயந்திரம் வண்டு மாதிரி முரலத் தொடங்கியது. முதல் புள்ளியை வைத்தான்.

வானம் இடிந்து விழவில்லை.

அப்புறம் மாமியார் மறந்துபோனாள், புருவம் மட்டும்தான் இருந்தது. இத்தனை நாள் ரப்பர் தோலில் குத்திப் பழகியவன் அவன். ரப்பர் மூச்சு விடாது. இந்தத் தோல் மூச்சு விட்டது, அதோடு அவன் கையும் ஏறி இறங்கியது. நடுக்கம் எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியாது. பொடி தூவியதுபோலப் புள்ளி புள்ளியாய்ப் புருவம் எழுந்து வந்தது. அவனுக்கு அப்படியொரு சந்தோஷமாக இருந்தது.

அவள் எழுந்து கண்ணாடியை வாங்கினாள். இப்படித் திரும்பிப் பார்த்தாள், அப்படித் திரும்பிப் பார்த்தாள். தொட்டுப் பார்க்கப் போனவள் மேடம் அதட்டியதும் கையை இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

பிரிஸ்கா மேடம் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு புருவத்தையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பிறகு லுட்டாயாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். தேறிவிட்டான்.

"கொஞ்ச நாளைக்கு அடர்த்தியாத் தெரியும், பயந்துடாதீங்கம்மா" என்றாள் மேடம். "ஆறு வாரம் கழிச்சு வாங்க, நெறம் விட்டுப்போன எடத்துல மறுபடி போடணும். இதே பையன் கையாலயே போட்டுக்கலாம்."

ஆறு வாரம் கழித்து என்ன பொய் சொல்லித் தப்பிப்பது? லுட்டாயா இயந்திரத்தைத் துடைக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த அம்மாள் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசல்வரை போய் நின்றாள்.

"அன்னிக்கு நீங்களே போட்டு விட்டுடுங்க மேடம். சனிக்கிழமைக்கு அப்புறம் மாப்பிள்ளை கை என் மேல படக்கூடாது. அதான் முந்திக்கிட்டு இன்னிக்கே வந்தேன்."