ஸ்டாக் இல்லாத பெட்டி

"தம்பீ, நீங்க கேட்ட கேபினெட் ஸ்டாக் இல்ல. அதே விலைக்கு வேற ஒண்ணு போடுறேன். கொஞ்சம் பெருசு. நாளைக்குக் காலையில எல்லாம் ஒண்ணா வந்துடும்."

கம்ப்யூட்டர் கடைக்காரர் அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார்.

நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி நடந்தேன்.

"என்னடா, கூண்டுப் புலி மாதிரி?" என்றாள் அக்கா.

"ஸ்டாக் இல்லையாம்!" கடைக்காரரின் மூக்குக் குரலிலேயே சொன்னேன். "கொஞ்சம் பெருசு தம்பீ!"

அக்கா அவள் போனில் கடையின் பக்கத்தைத் திறந்தாள். "இருக்குன்னுதானே போட்டிருக்கு? பதினோரு பீஸ் இருக்கே!"

எனக்குக் காது சூடானது.

பிறந்தநாள் விழா விழாவாகப் போய் மிமிக்ரி செய்து இரண்டு வருஷம் சேர்த்த காசு. நானே பாகம் பாகமாகப் பூட்டப்போகிற முதல் கேமிங் கம்ப்யூட்டர். பிராசஸரை மூன்று தடவை மாற்றினேன். மதர்போர்டுக்காக அழாத குறை. எந்த கிராஃபிக்ஸ் கார்டு என்கிற சண்டையில், 'வாத்து' என்கிற என் உயிர் நண்பனோடு ஒரு வாரம் பேசவில்லை. கடைசியாக, இது எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற அந்தக் குட்டி வெள்ளை கேபினெட். பார்த்ததும் அதன் அழகில் விழுந்துவிட்டேன்.

ஒவ்வொன்றின் பெயர், வேகம், அளவு எல்லாம் எழுதி, லிஸ்டை அப்பாவின் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். "ஒரு ஸ்க்ரூகூட யாரையும் கேட்டு வாங்கல" என்று வகுப்பு பூராவும் தம்பட்டம் வேறு. நாளைக்கு வாத்து தலைமையில் ஏழு பேர் பார்க்க வருகிறார்கள்.

"விக்காத சரக்கை என் தலையில கட்டுறான்க்கா. சின்னப் பையன்தானேன்னு!"

"அப்பாகிட்ட சொல்லேன்."

"சொன்னா?" அப்பா குரலுக்கு மாறினேன். "'பெட்டி எதுவா இருந்தா என்னடா, உள்ளதானே எல்லாம் இருக்கு?' அவ்வளவுதான் வரும். இத்தனை நாள்ல ஒரு பார்ட்டைப் பத்தியாவது ஒரு வார்த்தை கேட்டாரா? அவருக்கு என்ன அக்கறை?"

அப்பா பட்டன் வாங்கப் போயிருந்தார். அவருடைய போன் மிஷின் மேல் சார்ஜில் கிடந்தது.

என் பார்வை போன இடத்தை அக்கா பார்த்துவிட்டாள். "டேய், வேணாம்."

"சும்மா இரு."

அப்பா எப்போதும் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார். பாதி வார்த்தை பல்லிலேயே நின்றுவிடும். நான் ஒரு பேனா மூடியைக் கவ்விக்கொண்டேன். இதே குரலில் போன மாதம் எங்கள் டீச்சரிடம் எனக்கு நானே லீவு சொல்லியிருக்கிறேன். அவர் "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று உருகினார்.

அப்பா போனை எடுத்துக் கடை நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் டெய்லர் சார்!" என்றார் கடைக்காரர்.

அப்பா நம்பர் இவருக்கு எப்படித் தெரியும்? யோசிக்க நேரமில்லை.

"என்னங்க கடை நடத்துறீங்க? சரக்கை வெச்சுக்கிட்டே, ஸ்டாக் இல்லன்னு பையன்கிட்ட பொய் சொல்வீங்களா?"

கடைக்காரர் கடகடவென்று சிரித்தார்.

"பிரமாதம் சார்! தம்பி பக்கத்துல நிக்கிறாரா? நீங்க சொல்லிக் குடுத்த பொய்யைத்தானே சார் சொன்னேன்!"

பேனா மூடி நழுவப் பார்த்தது.

"ம்... அவன் இங்க இல்ல. சொல்லுங்க."

"எனக்கே வெக்கமாப் போச்சு சார். பத்து வருஷமா இதைத்தான் விக்கிறேன், கவனிக்காம பில் போட்டுட்டேன். நீங்க தச்சுக்கிட்டே சுவத்துல படிச்சிட்டு, கார்டு நீளம் முப்பத்து மூணு சென்டிமீட்டர், பெட்டிக்குள்ள இடம் இருபத்தெட்டுதான்னு போன் பண்றீங்க! கை நுழையாத சட்டைன்னு சொன்னீங்களே, இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கேன்."

அக்கா சுவரிலிருந்த லிஸ்டுக்குப் பக்கத்தில் போனாள். விரலால் இரண்டு வரிகளைத் தொட்டாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். என் கையெழுத்துதான்.

ஏழு பேருக்கு எதிரில் அந்தக் கார்டைப் பெட்டிக்குள் திணித்துத் திணித்துப் பார்க்கிற என்னை நினைத்துப் பார்த்தேன். வாத்து எப்படிச் சிரித்திருப்பான் என்பதை அச்சு அசலாகச் செய்துகாட்ட என்னால் முடியும். செய்யத் தோன்றவில்லை.

கடைக்காரர் நிறுத்தவில்லை.

"அப்பவே கேட்டேன், தம்பிகிட்டயே சொன்னா மாத்திக்குவாரேன்னு. 'வேணாங்க, எல்லாம் நானே தேர்ந்தெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான், அது அப்படியே இருக்கட்டும். கெட்ட பேர் உங்களுக்கு வந்தா கோச்சுக்காதீங்க'ன்னீங்க. எனக்கொண்ணும் இல்ல சார். நாளைக்குப் பொருளை இறக்கும்போது தம்பி நாலு வார்த்தை திட்டுவாரு, வாங்கிக்கிறேன். இல்ல, இப்பவாவது உண்மையைச் சொல்லிடட்டுமா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மூடியை இறுக்கிக் கவ்வினேன்.

"வேணாங்க. அவனுக்கு எதுவும் தெரிய வேணாம். அப்படியே இருக்கட்டும்."

எவ்வளவு முயன்றும் கடைசி வார்த்தையில் அப்பா குரல் உடைந்து, என் குரலே வந்துவிட்டது.



"சரிங்க தம்பி," என்றார் கடைக்காரர் மெதுவாக. "அப்பாகிட்டயும் நான் எதுவும் சொல்லல."