ஒன்பதாவது வளைவு

மேசை முழுக்க விரித்திருக்கும் வரைபடத்தின் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. காட்டை இரண்டாக வகுந்து போகும் சாலையில், மான் அடிபட்டதென்று ஓட்டுநர்கள் போன் செய்து சொன்ன இடமெல்லாம் சிவப்பு ஊசிகள். ஒன்பதாவது வளைவில் மட்டும் ஈ மொய்த்த மாதிரி நாற்பது. விலங்குகள் கடக்க அங்கேயே ஒரு சுரங்கப்பாதை என்று பென்சிலால் கோடு இழுத்து, தூளை ஊதிவிடுகிறார் சாலைப் பொறியாளர் அம்மா. செத்த விலங்குகளை அள்ளும் வண்டிக்காரர் வாராந்திரக் கையெழுத்துக்காக நோட்டை நீட்டியபடி எட்டிப் பார்க்கிறார். "அங்க நான் ஒரு மானைக்கூட எடுத்ததில்லம்மா."

"அப்போ இத்தனை பேர் சொன்னது பொய்யாண்ணே?"

"பொய் இல்லம்மா. அடிபடுற இடத்துல சிக்னல் கிடைக்காது. அந்த வளைவுக்கு வந்தாத்தான் போன் எடுக்கும்."

மின்விசிறிக் காற்றில் வரைபடத்தின் ஓரம் எழுந்து எழுந்து படிகிறது. "சரி, நீங்க எங்க எடுக்கிறீங்க?" அவர் தயங்கி, நோட்டை மேசையில் வைக்கிறார். "எல்லாம் இதுலயே இருக்கும்மா." பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறக்கிறார். மான், கிலோமீட்டர் கல் இருபத்தேழு. மான், இருபத்தேழு. காட்டுப்பன்றி, இருபத்தேழு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இரண்டு வருஷமாக, பொறியாளரின் சொந்தக் கையெழுத்து.