இடது காது

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுனா கேக்கும். நான் பேசுனா மட்டும் கேக்காது. இப்படி ஒரு மனுசன எங்கயாவது பாத்திருக்கியா ஜாய்ஸு?"

வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பொன்செல்வி ஆரம்பித்துவிட்டாள்.

ஜாய்ஸ் சிரித்தாள். சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். பொன்செல்வியின் கணவர் கோமதிநாயகத்துக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். புதிதாக வரும் புரோகிராம்கள் பார்வை இல்லாதவர்களுக்கும் சரியாக ஓடுகின்றனவா என்று வீட்டிலிருந்தே சோதித்துச் சொல்ல வேண்டும். கோமதிநாயகத்துக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது.

"அண்ணாச்சி வேலை சுத்தமா இருக்குக்கா. ஆனா ரொம்ப மெதுவா இருக்குன்னு கம்பெனியில சொல்லுதாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேகம் கூடலன்னா வேற ஆளப் போட்ருவாங்களாம். அதான் என்னன்னு பாக்க வந்தேன்."

பொன்செல்வி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"மெதுவாத்தான் இருக்கும். வீட்டுக்குள்ளயே இன்னொரு குடித்தனத்தைக் கூட்டி வச்சா?"

"குடித்தனமா?"

"ஆமா. கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டராம். வெளிய உள்ளதுல ஒரு ஆம்பளக் குரல். உள்ள உள்ளதுல ஒரு பொம்பளக் குரல். ரெண்டும் போட்டி போட்டுக் கத்துது."

"அது விர்ச்சுவல் மெஷின்கா. சோதிக்கிற புரோகிராம் கோளாறு பண்ணுனா உள்ள உள்ளதுதான் கெடும். அண்ணாச்சி கம்ப்யூட்டர் தப்பிச்சிரும். திரையில இருக்கத வாசிச்சுச் சொல்லத்தான் ரெண்டுலயும் குரல்."

"கம்ப்யூட்டர் தப்பிச்சிரும். நான்? ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்கு பாத்ரூம்ல மயங்கி விழுந்து கிடக்கேன். இவரு ரெண்டு காதையும் மூடிக்கிட்டு அதுக கூட உக்காந்திருக்காரு. பக்கத்து வீட்டு மகபூப் பீவி வந்துல்லா தூக்குனா! காதைத் திறந்து வைங்கன்னு சொல்லாத நாள் இல்ல."

ஜன்னலோரம் கோமதிநாயகம் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். விரல்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தியா? இங்கன இவ்வளவு பேசுதேன். அசையுதாரா பாரு."

ஜாய்ஸ் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஹெட்போன் வலது காதில் மட்டும்தான் இருந்தது. இடது பக்கம் காதுக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தது.

"அந்தப் பக்கம் ரிப்பேரு," என்றாள் பொன்செல்வி. "ரத வீதிக் கடையில கொண்டுபோய்க் காமிச்சேன். நல்லாத்தான் இருக்குங்கான். இங்க வந்தா வேலை செய்ய மாட்டேங்கு."

ஜாய்ஸ் அதை வாங்கித் தன் காதில் வைத்தாள். இரண்டு குரல்களும் வலது பக்கத்திலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தன. இடது பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணாச்சி! வெளி மெஷினை இடது காதுக்கும் உள் மெஷினை வலது காதுக்கும் பிரிச்சுல்லா வச்சுக் குடுத்தேன்? யாரு மாத்துனா?"

"நான்தான்."

"அதான் மெதுவா இருக்கு! ரெண்டும் ஒரே காதுல கத்துனா ஒவ்வொண்ணையும் திரும்பத் திரும்பக் கேக்கணும்லா?"

"கேக்கேன்."

"திமிரப் பாரு!" பொன்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "வேலை போனாலும் சரி, சொன்னதைக் கேக்க மாட்டாரு. டீ போட்டுட்டு வாரேன். நீயே புத்தி சொல்லு."

அவள் அடுக்களைக்குப் போனதும் ஜாய்ஸ் குரல்களைப் பழையபடி பிரித்து வைத்தாள். இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டாள். கோமதிநாயகத்தின் விரல்கள் பறந்தன. அதுவரை திணறிக்கொண்டிருந்த சோதனையைச் சட்டென்று முடித்துவிட்டார்.

முடித்த கையோடு இடது பக்கத்தைக் கழற்றிப் பின்னால் தள்ளினார்.

"எதுக்கு எடுக்கீங்க அண்ணாச்சி? அந்தக் காது சும்மாதான இருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சும்மா எங்க இருக்கு? அன்னைக்கு அவ விழுந்த சத்தம் எனக்குக் கேக்கல ஜாய்ஸு. அன்னையிலருந்து இந்தக் காதை அடுக்களைக்கும் பாத்ரூமுக்கும் விட்டுட்டேன். என்ன, மகபூப் பீவிகிட்ட அவ என்னைத் திட்டுததையும் சேத்துக் கேக்க வேண்டியிருக்கு."

ஜாய்ஸ் திரும்பினாள். டீ டம்ளரோடு பொன்செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

டம்ளரை ஜாய்ஸ் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பூண்டு முறத்தோடு வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்கனதான் இருக்கேன். எந்திரிச்சா தோளைத் தட்டிட்டுப் போறேன்."

ஹெட்போனின் இடது பக்கத்தைத் தானே எடுத்து அவர் காதில் அழுத்தி வைத்தாள்.

"அந்தக் காதையும் மூடுங்க!"